ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாலு பேர்

காலை நெரிசல் முடிந்து பத்தரை மணிக்குப் பதினான்காம் எண் பஸ் டிப்போவுக்குள் திரும்பும்போது, ஒரு ஊரே உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக் கைகழுவாமல் எழுந்து போன மாதிரி இருக்கும். ரொட்டித் துணுக்கு, வாழைப்பழத் தோல், ஒற்றைக் கையுறை, நனைந்து கூழான செய்தித்தாள். அந்த வாரம் மழை வேறு விடாமல் பிடித்துக்கொண்டது. சீட்டுகளுக்கு அடியில் தேங்கிய சேற்றுத் தண்ணீர், வண்டி நின்ற பிறகும் முன்னுக்கும் பின்னுக்கும் அலைந்துகொண்டிருக்கும்.

டிப்போவில் அவனுக்கு நுரை என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அளவு தெரியாமல் சோப்பைக் கலக்கி, பஸ் படியிலிருந்து கேட் வரைக்கும் நுரையாக ஓடவிட்டான். ஆறு வருஷமாகிவிட்டது. இப்போது அவன் கலக்குகிற தண்ணீரில் ஒரு சொட்டு கூடாது, குறையாது. பெயர் மட்டும் வற்றவில்லை.

ஒரு பஸ்ஸுக்கு இருபத்திரண்டு நிமிஷம். முதலில் குப்பை. பிறகு கடைசி சீட்டிலிருந்து டிரைவர் வரைக்கும் பெருக்கல். பிறகு சுரண்டி. கையகலத் தகடும் மரப்பிடியும் உள்ள அதைக் கொண்டு தரையில் ஒட்டிய சூயிங்கத்தையும், கண்ணாடியில் கண்டவன் ஒட்டிவிட்டுப் போன விளம்பரத் தாள்களையும் எடுக்க வேண்டும். மூலையில் டிப்போ முத்திரை இருந்தால் அது அனுமதி பெற்ற தாள், அதில் கை வைக்கக் கூடாது. கடைசியாக ஈரத் துணி, காய்ந்த துணி, கைப்பிடிக் கம்பிகள்.

அந்தப் புதன்கிழமை அவன் இடது பக்க ஜன்னல்களைத் துடைத்துக்கொண்டு வந்தான். நாலாவது ஜன்னலுக்கு மேலே ஒரு புதுத் தாள் ஒட்டியிருந்தது. முழங்கை நீளம். மூலையில் முத்திரை. மேலே தன் சொந்த மொழியின் எழுத்து. இந்த ஊர் பஸ்ஸுக்குள் அந்த எழுத்தை அவன் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் சொந்தக்காரன் முகம் தெரிந்த மாதிரி முதலில் சந்தோஷம்தான் வந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படித்தான்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாலு பேர்.
தோளில் குழந்தையோடு முதலில் இறங்கியவன்
குழந்தையைக் கரையில் வைத்துவிட்டு
எனக்காகத் திரும்பினான்.
அந்தப் பக்கம் எங்களை எண்ணியவர்
மூன்று என்று எழுதிக்கொண்டார்.
எண்ணத் தெரிந்தவர்களே,
இன்னொரு முறை எண்ணுங்கள்.

அதற்குக் கீழே, இந்த ஊர் மொழியில் அதே எட்டு வரி. அதற்கும் கீழே அவன் மனைவியின் பெயர். பெயருக்குப் பக்கத்தில், தையற்கடைத் தொழிலாளி.

நுரை சீட்டில் உட்கார்ந்துவிட்டான். துடைத்த சீட்டில் உட்காரும் வழக்கம் அவனுக்கு இல்லை.

இரண்டு மாசத்துக்கு முன்னால் அவள் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் நூலகத்தில் எழுதுகிறவர்கள் கூடுகிறார்கள், அவளும் போய் உட்காருவாள், பத்துப் பேர் எழுதியதைத் தேர்ந்தெடுத்து பஸ்ஸில் ஒட்டப்போகிறார்களாம் என்று. கால்சட்டைக்கு விளிம்பு மடிக்கிறவள், ஜிப்பு மாற்றுகிறவள், ஊசி நூல் பற்றி ஏதாவது எழுதியிருப்பாள் என்று நினைத்து, "நல்லது, நல்லது" என்று தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடினான். எதை எழுதினாய் என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நிரந்தரமாகத் தங்குவதற்கான விசாரணை. மூன்று பேரும் வர வேண்டும் என்று கடிதம் வந்து அலமாரிக் கதவில் தொங்குகிறது.

அந்த அலுவலகத்துக் கோப்பில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, ஏழு வருஷத்துக்கு முன் அவன் வாயால் சொன்னது: புறப்பட்டது மூன்று பேர், வந்து சேர்ந்தது மூன்று பேர்.

*

டிப்போவிலிருந்து நேரே போட்டோகாப்பி கடைக்குப் போனான். கடைக்காரரை எல்லாரும் மனு அண்ணன் என்பார்கள். முன்பு எல்லை முகாமில் கூடாரம் கூடாரமாகப் போய், எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர். நுரையின் மனுவும் அவர் கையெழுத்துதான். "செத்தவன் மனு போடப் போறதில்ல தம்பி. அவனை உள்ள கொண்டு வந்தீன்னா, யார் கூட்டிட்டு வந்தா, எந்த இடத்துல இறங்கினீங்க, பொணம் எங்கன்னு ஆறு மாசம் உன்னை உக்கார வச்சிடுவான். பிள்ளைக்குக் காய்ச்சல் வேற. மூணுன்னு சொல்லு, முடிஞ்சுது" என்று அன்றைக்குச் சொன்னவர்.

நுரை செல்போனில் எடுத்து வந்த படத்தை நீட்டினான். மனு அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். இயந்திரம் யாருடைய சான்றிதழையோ நகலெடுத்துத் துப்பிக்கொண்டே இருந்தது.

"இதென்னப்பா, கவிதையா வாக்குமூலமா?"

"கவிதைதான் அண்ணே."

"மொழிபெயர்ப்பு வேற போட்டிருக்கான். நல்லாவே பண்ணியிருக்கான், படுபாவி." மறுபடி படித்தார். "எண்ணியவர் மூன்று என்று எழுதிக்கொண்டார்... அந்த அதிகாரி பஸ்லயா ஆபீஸுக்குப் போறாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"கார்ல போறவரா இருந்தா தப்பிச்சே. கார் ரிப்பேராகாம இருக்கணும்." அவர் சிரித்தார். நுரை சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இங்க பாரு. போன வருஷம் ஒருத்தனோட கல்யாணத் தேதி ரெண்டு இடத்துல ரெண்டு விதமா இருந்துச்சுன்னு குடும்பத்தையே திருப்பி அனுப்பினாங்க. தேதிக்கே அப்படி. நீ ஒரு ஆளையே விட்டிருக்கே."

"நீங்க விடச் சொன்னீங்க."

"நான் சொன்னேன், இல்லேங்கல. கையெழுத்துப் போட்டது நீ." அவர் குரல் தணிந்தது. "வியாழக்கிழமை வரைக்கும் அது யார் கண்ணுலயும் படாம இருந்தா நல்லது. அவ்வளவுதான் சொல்லுவேன். எப்படின்னு என்னைக் கேக்காத. பஸ் என் கைல இல்ல."

பஸ் அவன் கையில் இருந்தது.

*

மறுநாள் பதினான்காம் எண் உள்ளே வந்ததும் முதலில் அந்த ஜன்னலுக்குப் போனான். வெந்நீரில் நனைத்த துணியைத் தாளின் மேல் ஐந்து நிமிஷம் அப்பிவைத்து, ஓரத்தில் சுரண்டியைக் கொடுத்தான். புதுப் பசை, லேசில் விடவில்லை. அவளுடைய பெயரை விட்டுவிட்டு, இந்த ஊர் மொழி வரிகளை உரித்த பிறகு 'எண்ணுங்கள்' வந்தது. பிறகு 'இன்னொரு முறை'. கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாக உரித்தான். கடைசியில் அவளுடைய பெயர் மட்டும் மிஞ்சியபோது கை நின்றது. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இழுத்தான்.

எல்லா பஸ்ஸிலும் அந்தத் தாள் இருக்கவில்லை. ஒன்றில் யாரோ ஒரு நர்ஸ் எழுதியது, இன்னொன்றில் ரொட்டி சுடுகிறவர் எழுதியது. அவளுடையது எதில் வரும் என்று தெரியாது. ஒவ்வொரு பஸ்ஸும் கேட்டுக்குள் மூக்கை நீட்டும்போது கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவான். கழுவுகிற சாக்கில் ஓடிப்போய் ஏறி, இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்ப்பான். இல்லையென்றால் மூச்சு வரும். இருந்தால் துணி, வெந்நீர், சுரண்டி. வியாழன் இரண்டு, வெள்ளி ஒன்று, சனி இரண்டு. உரித்த தாளைச் சுருட்டி, வாழைப்பழத் தோலோடு சேர்த்துக் கறுப்புப் பையில் போட்டு முடிச்சுப் போடுவான். ரோட்டில் நடக்கும்போதுகூட எதிரே வரும் பஸ்ஸின் ஜன்னலைத்தான் பார்த்தான். மேலே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த பயணி ஒவ்வொருவரும் அதிகாரியாகத் தெரிந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் சோறு வடித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள். நூலகத்திலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, எட்டு பஸ்ஸுல ஒட்டியிருக்காங்களாம். ஒட்டி நாலு நாள் ஆச்சாம். உங்க கண்ணுல ஒண்ணுகூடவா படல?"

"இல்லையே."

"நானும் கடையை விட்டு இறங்கினதும் ஸ்டாப்புல நின்னு பாக்கறேன். இன்னைக்கு மட்டும் பதினோரு பஸ்ஸை விட்டேன். ரொட்டி சுடறவரோடது வருது, அந்த நர்ஸம்மாவோடது வருது. என்னோடது மட்டும் எங்க போய் சுத்துதோ."

மகள் தட்டை எடுத்து வைத்தாள். பதினோரு வயசு, நாக்கு நீளம். "அம்மா கவிதைக்குக் கால் முளைச்சிருச்சும்மா. அது நடந்தே போகுது."

"போடி. மழையில பதினோரு பஸ்ஸு. ஸ்டாப்புல நின்ன அம்மா ஒண்ணு எந்த பஸ்ஸும்மா வேணும் உனக்குன்னு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல? கவிதை வர்ற பஸ்ஸுன்னா?" அவள் சிரித்தாள். சிரிக்கும்போது அவனைப் பார்த்தாள். "வந்தா சொல்றீங்களா? கழுவறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க. ஓடி வந்து பாத்துட்டுப் போறேன்."

"எதைப் பத்தி எழுதினே?" என்று கேட்டான். கேட்ட குரல் அவனுக்கே கள்ளக் குரலாகக் கேட்டது.

"பாத்தாத் தெரியும்" என்றாள். "உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா வேண்டாம்பீங்க."

பருப்பில் உப்பே இல்லை. யாரும் சொல்லவில்லை.

*

திங்கட்கிழமை இன்னும் இரண்டு தாள் சிக்கின. செவ்வாய்க்கிழமை மேலாளர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய தாத்தா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்த குடும்பம். நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் பேனாவைத் திறந்து திறந்து மூடுவார். இப்போது மூடிக்கொண்டிருந்தார்.

"உக்காரு நுரை. ஒரு கெட்ட செய்தி. உன் வீட்டம்மா எழுதினதை எவனோ பஸ் பஸ்ஸா ஏறிக் கிழிச்சிருக்கான்."

நுரை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"எட்டுல ஏழு போச்சு. மத்தவங்க எழுதினதை ஒருத்தனும் தொடல. இதை மட்டும்தான். அப்போ என்ன அர்த்தம்? உங்க ஜனங்களைப் பிடிக்காத எவனோ. என் வண்டியில இந்த அசிங்கம் நடக்க விடமாட்டேன். நூலகத்துல இதை நடத்தற அம்மாகிட்ட சொல்லிட்டேன். அந்தம்மா போன்லயே அழுதுட்டாங்க. பத்திரிகைக்குச் சொல்றேன்னாங்க. நான் போலீஸுக்கு எழுதிட்டிருக்கேன்." மேசைமேல் பாதி எழுதிய தாள் இருந்தது. "ஒவ்வொரு வண்டியிலயும் கேமரா இருக்கு. மூஞ்சி தெரியாமலா போகும்?"

மேலாளர் பேனாவைத் திறந்து அடுத்த வரியை எழுதத் தொடங்கினார். போலீஸ். பத்திரிகை. கேமரா. நாளை மறுநாள் விசாரணை. மறைக்கப் போனது இப்போது ஊர் முழுக்க முரசடித்துக்கொண்டு வருகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கையைத் தொடையில் துடைத்தான்.

"எழுதாதீங்க சார். நான்தான்."

"நீதான் என்ன?"

"நான்தான் சுரண்டினேன். ஏழும்."

மேலாளர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"உன் பொண்டாட்டி எழுதினதை நீயே?"

"ஆமா சார்."

"ஏன்யா, பிடிக்கலையா? நல்லாத்தானே இருக்கு! எனக்கே படிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு."

"வீட்டுல... ஒரு சண்டை சார்."

"சண்டைன்னா வீட்டுல இருக்கற தட்டை உடைப்பாங்க. என் பஸ்ஸையா சுரண்டுவாங்க?" அவர் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். முகத்தில் இருந்த கோபம் வேறு ஏதோவாக மாறியிருந்தது. அதுதான் நுரைக்குத் தாங்கவில்லை. "உன் பேர்ல புகார் எழுதிப்போடணும். ஆறு வருஷம் ஒரு லீவு போடாம உழைச்சிருக்கே, போடல. ஆனா நூலகத்துல புதுசா அடிக்கச் சொல்லிட்டாங்க, முன்னைவிடப் பெருசா. வியாழக்கிழமை வண்டியில ஏறணும். உன் கையால நீயே ஒட்டணும்."

"வியாழக்கிழமை எனக்கு லீவு சார். ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க."

"அப்போ வெள்ளிக்கிழமை ஒட்டு. வீட்டம்மாகிட்ட இன்னைக்கே நீயா சொல்லிடு. நூலகத்து அம்மா நாளைக்கு வருத்தம் தெரிவிக்க போன் பண்ணுவாங்களாம். அதுக்குள்ள சொல்லிடு, புரியுதா?"

புரிந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை. வாயைத் திறந்தான், மகள் கணக்குப் பாடம் கேட்டாள். மறுபடி திறந்தான், குழாய் ஒழுகியது. புதன்கிழமைக் காலையில் அவள் எழுவதற்குள் வேலைக்கு ஓடிவிட்டான்.

*

புதன் சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, விசாரணைக்கு அவன் போட்டுக்கொள்ள வேண்டிய கால்சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்திருந்தாள். பக்கத்தில் அவன் முந்தின நாள் வரை போட்ட வேலைக் கால்சட்டை, துவைப்பதற்கு எடுத்துவைத்தது. அதன் கால் மடிப்பு பிரித்துவிடப்பட்டிருந்தது. மேசையில் ஒரு துண்டுத் தாள், கட்டைவிரல் அகலம். பசையில் சேறு ஒட்டிக் காய்ந்திருந்தது. அதில் 'திரும்பினான்' என்று இருந்தது.

"மடிப்புக்குள்ள மண்ணு போகும். தட்டிட்டுத் துவைக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றாள்.

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"நூலகத்து அம்மா மத்தியானம் போன் பண்ணினாங்க. எவனோ கிழிச்சுட்டான், மனசு விட்டுடாதீங்கன்னாங்க. யாருன்னு மேலாளர் சொல்லலையாம். நானும் எவனோன்னு நெனச்சு அழுதுட்டு வந்தேன்." அவள் துண்டை விரலால் நேராக்கினாள். "எத்தனை?"

"ஏழு."

"இன்னும் ஒண்ணு ஓடிட்டிருக்கா?"

"தேடினேன். அது இந்த டிப்போவுக்கு வர்றதில்ல போல."

"நல்ல வேளை."

மகள் உள்ளறையில் பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் பேச்சு கேட்கக் கூடாது என்பதற்காகவே சத்தமாகப் படித்தாள்.

"பயமா இருந்துச்சு" என்றான். "உனக்குப் பயமே இல்லையா? நாளைக்கு அந்த ஆள் கேட்டா என்ன சொல்றது? கவிதை, கற்பனைன்னா? பொய் சொல்லிட்டு வந்தோம்னு தெரிஞ்சா மூணு பேரையும் வண்டியேத்தி அனுப்பிடுவான். பிள்ளை இங்கதான் படிக்குது. அவளுக்கு அங்க யாரைத் தெரியும்? என்ன தெரியும்?"

"எனக்கும் பயம்தான்."

"பின்ன ஏன் எழுதினே?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என் தம்பி எந்தப் பேப்பர்லயும் இல்லைங்க. பிறந்ததுக்கு இருந்த பேப்பர் அவன் சட்டைப் பையில இருந்துச்சு, அவனோட போச்சு. செத்ததுக்குப் பேப்பர் இல்ல. வந்ததுக்கும் இல்ல. ஒரு சனிக்கிழமை நூலகத்துல எல்லாரும் ஆத்தைப் பத்தி எழுதுங்கன்னாங்க. ரொட்டி சுடறவர் மீன் பிடிச்சதை எழுதினாரு. நானும் சும்மாதான் ஆரம்பிச்சேன். நாலு பேர்னு எழுதினதும் பேனாவைக் கீழ வச்சுட்டேன். ஏழு வருஷத்துல நாலுன்னு நான் வெளிய சொன்னதே இல்லையே."

"நம்ம மூணு பேரும் பேப்பர்ல இருக்கோம். அது போயிடக் கூடாதுன்னுதான்..."

"தெரியும். அன்னைக்குக் கூடாரத்துல நீங்க மூணுன்னு சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். நானும் வாயைத் திறக்கல. உங்க மேல நான் பழி போடல." அவள் அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "ஆனா இது நீங்க சொன்னதைக் குறை சொல்லி எழுதினதில்லைங்க. அவனுக்கு உக்கார ஒரு இடம் கேட்டேன். பஸ்ஸுல இத்தனை சீட்டு இருக்கே."

அவன் மேசைக்கு எதிரே உட்கார்ந்தான். மச்சானின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி ஆற்றில் நின்றபோது பார்த்த முதுகுதான் வந்தது. நனைந்த சட்டை ஒட்டிய முதுகு.

"நாளைக்கு என்ன சொல்லப் போற?" என்றான்.

அவள் கால்சட்டையைக் கொடியில் மாட்டினாள். "சாப்பிட வாங்க" என்றாள். மறுபடி கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. முட்டைப் பொரியலும் சோறும். மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

*

அந்த அலுவலகத்தில் புருஷனையும் மனைவியையும் தனித்தனி அறையில் வைத்துத்தான் கேட்பார்கள். இரண்டு பேர் பதிலும் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும். மகள் காத்திருக்கும் இடத்தில் பெஞ்சில் இருந்தாள். அவனை ஐந்தாம் அறைக்கும் அவளை எட்டாம் அறைக்கும் அழைத்தார்கள். பிரியும்போது அவள் அவன் காலர் மடிப்பை ஒரு தடவை இழுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

அதிகாரி இளவயசுக்காரர். மூக்கடைப்பு, கையில் காகிதக் கைக்குட்டை. மொழிபெயர்ப்பாளர் மேசைமேல் இருந்த போனிலிருந்து பேசினாள், எங்கிருந்தோ ஒரு பெண் குரல். பெயர், வேலை, வாடகை வீடா, பிள்ளை எந்த வகுப்பு. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். அதிகாரி கவிதை கிவிதை எதையும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் பஸ் ஜன்னலை அண்ணாந்து பார்க்கிற முகமாகவும் தெரியவில்லை. மேசை ஓரத்தில் கார் சாவி கிடந்தது. ஏழு தாள், ஏழு தடவை வெந்நீர். இந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது.

"உங்கள் முதல் வாக்குமூலத்தை உறுதி செய்ய வேண்டும்" என்றாள் போன்குரல். "எல்லையைக் கடக்கப் புறப்பட்டபோது நீங்க எத்தனை பேர்? கோப்பில் மூன்று என்று இருக்கிறது. சரிதானே, அண்ணா?"

தலையாட்டினால் போதும். அதிகாரி அவன் தலையாட்டுவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. பேனாவை எடுத்துப் படிவத்தில் மூன்று என்று எழுதத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பேனாவைப் பார்த்தபோது அவனுக்குள் என்னவோ வழுக்கியது. அந்தப் பக்கம் எங்களை எண்ணியவர். சுரண்டிச் சுரண்டி அந்த எட்டு வரியும் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் அவனுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

"நாலு" என்றான்.

"எத்தனைன்னு சொன்னீங்க?" என்றாள் போன்குரல்.

"நாலு பேர். அன்னைக்கு நான் பொய் சொன்னேன். என் சம்சாரம் சொல்லல, நான்தான் சொன்னேன். அதையும் எழுதச் சொல்லுங்க."

பேனா நின்றது. அதிகாரி முதல் முறையாக அவன் கண்ணைப் பார்த்தார். நாலாவது ஆள் யார், என்ன ஆனார் என்று கேட்டார். நுரை பேச வாயெடுத்தான். ஏழு வருஷமாகப் பேசாத விஷயத்துக்கு அவனிடம் சொந்தமாக ஒரு வாக்கியமும் இருக்கவில்லை. அவளுடையதுதான் வந்தது.

"தோளில் குழந்தையோடு முதல்ல இறங்கினான். குழந்தையைக் கரையில வச்சுட்டு, அவளுக்காகத் திரும்பினான்."

"கொஞ்சம் மெதுவா, அண்ணா" என்றாள் போன்குரல். அந்தக் குரல் இவ்வளவு நேரம் இருந்த மாதிரி இல்லை.

அதிகாரி வெகுநேரம் தட்டச்சு செய்தார். பிறகு பெயரைக் கேட்டார். நுரை மச்சானின் பெயரைச் சொன்னான். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார்கள். எழுத்து எழுத்தாகச் சொன்னான். ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருந்தார்கள், அதைத் திருத்தச் சொன்னான். திருத்தினார்கள். நுரை கையெழுத்துப் போட்டான்.

*

அவள் அவனுக்குப் பிறகு பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"முடிஞ்சுது. பயப்படாதீங்க" என்றாள், மகளுக்குக் கேட்காத குரலில். "மூணுன்னுதான் சொன்னேன். நீங்க அந்தத் தாளை அப்படி ஓடி ஓடிச் சுரண்டினதை நெனச்சேன். போதும், பாவம்னு தோணுச்சு. தம்பி இருந்தாலும் அதைத்தான் சொல்லுவான்."

நுரை சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்னங்க?"

"நான் நாலுன்னு சொல்லிட்டேன்."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சுவரில் இருந்த எண் பலகை டிங் என்று மாறியது. யாரோ எழுந்து போனார்கள்.

"ஏன்?" என்றாள்.

"நான் சொல்றதுக்கு முன்னாடியே அவர் மூணுன்னு எழுத ஆரம்பிச்சுட்டாரு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு திரும்பி, நேராகக் கவுண்ட்டருக்குப் போனாள். அவன் பின்னால் ஓடினான்.

"எட்டாம் ரூம்ல ஒரு பதில் தப்பாச் சொல்லிட்டேன். மாத்தணும்."

கவுண்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "மாத்தலாம். ஆனா சொல்லிடறேன், வாக்குமூலத்தை மாத்தினா ரெண்டு பேரோட கோப்பும் மேலே போகும். முதல்லேர்ந்து விசாரிப்பாங்க. எத்தனை மாசம் ஆகும்னு எங்களுக்கே தெரியாது. என்ன முடிவு வரும்னும் தெரியாது. வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு, வக்கீல் யாராவது இருந்தா கேட்டுட்டு வேணும்னா..."

"இப்பவே" என்றாள் அவள். கவுண்ட்டரின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல்கள். "வீட்டுக்குப் போனா எனக்குத் தைரியம் போயிடும்மா."

கவுண்ட்டர் பெண் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். மூன்று எண் தள்ளி. அந்த மூன்று எண்ணும் நகர்வதற்குள் ஒரு யுகம் ஆனது. கூப்பிட்டதும் அவள் எழுந்தாள், ஒரு அடி வைத்தாள், நின்றாள். அவன் போகாதே என்று சொல்லிவிடுவானோ என்று நின்றாளா, சொல்லட்டும் என்று நின்றாளா, அவனுக்குத் தெரியவில்லை. அவன் பையை வாங்கிக்கொண்டான். கதவு அவளுக்குப் பின்னால் மூடியது.

பெஞ்சில் மகள் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நம்மளை அனுப்பிடுவாங்களாப்பா?"

"தெரியலம்மா."

"நாலாவது ஆள் யாரு?"

நுரை கைகளைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"உன் மாமா. அம்மாவோட தம்பி. உன்னைத் தோள்ல உக்கார வச்சு ஆத்தைக் கடந்தவன்."

"நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்கன்னு சொன்னீங்க."

"நான் கயித்தைப் பிடிச்சுட்டு நின்னேன். பயத்துல ஒரு அடி நகரல. அவன்தான் உன்னைத் தூக்கிட்டுப் போனான். அந்தக் குளிர்ல நீ அழுதுடக் கூடாதுன்னு வழி பூராவும் விசிலடிச்சுட்டே போனான்."

மகள் அவனைப் பார்க்கவில்லை. எட்டாம் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எப்படி அடிப்பாரு?" என்றாள்.

அவன் உதட்டைக் குவித்தான். காய்ந்துபோன உதட்டிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி ஊதினான். காற்றுதான். வாசலில் நின்ற காவலாளி திரும்பி அவர்களைப் பார்த்தான். நுரை நிறுத்தவில்லை.